தேசிய நாட்களும் நன்றிக் கடனும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய மூன்று நாட்களும் பாரத நாடு முழுமைக்கும் பொதுவான தேசிய விடுமுறை நாட்கள் ஆகும். ஏனைய விடுமுறைகள் மாநிலத்திற்கு மாநிலமும் சமயத்திற்குச் சமயமும் வேறுபடுகின்றன. இம்மூன்று நாட்களில் மட்டும் காஷ்மீரம் முதல் கன்னியாகுமரி வரை அலுவலகங்களும் பள்ளிகளும் தொழிற்சாலைகளும் ஒருசேரத் தம் அன்றாடப் பணியை நிறுத்துகின்றன.

பொருளாதார நோக்கில் காணும்பொழுது, ஒரு நாள் விடுமுறை என்பது ஒரு நாள் உற்பத்தியை விட்டுக்கொடுப்பதாகும். வளர்ந்துவரும் நாடு ஒன்று இவ்வாறு விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கூறியாக வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கான ஐந்தாவது ஊதியக் குழு 1997-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில், அலுவலக விடுமுறைகள் மிகுதியாக உள்ளன என்று கருதி, தேசிய நாட்கள் மூன்றை மட்டும் நிலைநிறுத்தி ஏனையவற்றை விலக்கலாம் என்று பரிந்துரை செய்தது. அப்பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை. எனினும், சிக்கனத்தையே நோக்கமாகக் கொண்டு ஆராய்ந்த குழுவும் இம்மூன்று நாட்களைத் தொடத் துணியவில்லை என்பது கருதத்தக்கது. அவ்வளவு உறுதியான இடத்தை இந்நாட்கள் எவ்வாறு பெற்றன? ஒரு நாட்டின் உழைப்பை ஒரு நாள் நிறுத்திவைக்கும் உரிமை அவற்றிற்கு எதனால் வந்தது? இவ்வினாக்களுக்கான விடை அவை தோன்றிய வரலாற்றில் உள்ளது.

ஆள்வோரின் நாட்கள்

அயலாட்சிக் காலத்திலும் பொது விழா நாட்கள் இருந்தன. அரசரின் பிறந்த நாளும் முடிசூட்டு நாளும் கொண்டாடப்பட்டன. மே 24-ஆம் நாள் விக்டோரியா அரசியின் பிறந்த நாள்; அது பிற்காலத்தில் பேரரசு நாள் என்று வழங்கப்பட்டது. அவ்விழாக்களின் நோக்கம் ஒன்றே: ஆள்வோர்க்குக் குடிமக்கள் நன்றியும் விசுவாசமும் செலுத்துதல்.

இவ்விழாக்களின் தன்மையை விளக்க ஒரு நிகழ்ச்சி போதுமானது. 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் டெல்லியில் பெரியதொரு தர்பார் கூட்டப்பட்டு, விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பெற்றார். சிற்றரசர்களும் பிரபுக்களும் யானைகளுடனும் பரிவாரங்களுடனும் வந்து குழுமினர். விருந்துகள் நாட்கணக்கில் நடைபெற்றன. அதே நாட்களில் சென்னை மாகாணத்தில் தமிழ் மக்கள் இன்றும் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூரும் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். ஊர் ஊராக மக்கள் கஞ்சித் தொட்டிகளை நாடி அலைந்த காலத்தில், அவர்கள் பெயரால் நன்றி கூறும் விழா ஒன்று டெல்லியில் நடந்தேறியது. மக்களின் வாழ்வைக் கணக்கில் கொள்ளாத கொண்டாட்டம் எத்தகையது என்பதற்கு அது ஒரு சான்றாகும்.

விரதமும் வேலையும்

இதற்கு மாறான மரபொன்று விடுதலை இயக்கத்தில் உருவாயிற்று. 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைப்பும் உண்ணாநோன்பும் நடைபெற்றன. ஏப்ரல் 13-ஆம் நாள் அமிர்தசரஸ் நகரத்து ஜாலியன்வாலா பாக்கில் படுகொலை நிகழ்ந்தது. இவ்விரு நாட்களையும் எல்லைகளாகக் கொண்ட வாரம் தேசிய வாரம் என்று ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படலாயிற்று. அவ்வாரத்தில் வாணவேடிக்கைக்கு இடமில்லை. உண்ணாநோன்பு, நூல் நூற்றல், கதர் விற்பனை, தீண்டாமை ஒழிப்புப் பணி ஆகியனவே அதன் நிகழ்ச்சிகள். மடிந்தவர்களை நினைப்பது என்பது அவர்கள் விட்டுச்சென்ற வேலையைத் தொடர்வது என்னும் கருத்து அப்போதே வேரூன்றிவிட்டது.

பின்னாளில் காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்த நாள் 1930 ஏப்ரல் 6. ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்குப் புறப்பட்ட நாள் 1930 ஏப்ரல் 13. தேசிய வாரத்தின் முதல் நாளும் இறுதி நாளும் இவ்வாறு புதிய போராட்டத்தின் நாட்களாயின.

ஒன்றே முக்கால் அணா

1929-ஆம் ஆண்டு டிசம்பரில் லாகூர் நகரில், ராவி ஆற்றங்கரையில், ஜவாஹர்லால் நேருவின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை பூரண சுயராஜ்யமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. அதனை மக்களிடம் கொண்டுசெல்லும் பொருட்டு, 1930 ஜனவரி 26-ஆம் நாளைச் சுதந்திர நாளாகக் கடைப்பிடிக்குமாறு காரியக் கமிட்டி பணித்தது. அது அம்மாதத்தின் இறுதி ஞாயிற்றுக்கிழமை. அரசு அளித்த விடுமுறை ஏதுமில்லை. அன்று கூடியவர்கள் தாமே தம் பொழுதை ஒதுக்கிக்கொண்டு வந்தவர்கள்.

அன்றைய கூட்டங்களில் சொற்பொழிவுகளுக்கு இடமளிக்கப்படவில்லை. உறுதிமொழி ஒன்று அந்தந்த வட்டார மொழியில் வாசிக்கப்பட்டது. மக்கள் அதனைக் கேட்டு ஏற்றுக்கொண்டனர். பின்னர்க் கலைந்து சென்றனர். எஞ்சிய பொழுதை நூற்றல், தீண்டப்படாதார் எனப்பட்டோர்க்குத் தொண்டு, இந்து முஸ்லிம் ஒற்றுமை, மதுவிலக்கு ஆகிய ஆக்கப் பணிகளில் செலவிடுமாறு காந்தியடிகள் அறிவுறுத்தியிருந்தார்.

அவ்வுறுதிமொழியின் உள்ளடக்கத்தைப் பொருளாதாரம் பயில்வோர் இன்றும் ஊன்றிக் கவனித்தல் தகும். நாட்டின் பெருமையைப் போற்றும் வாழ்த்துப் பகுதி அதில் இல்லை. முற்பகுதியிலேயே இடம்பெறுவது ஒரு கணக்கு. இந்தியர் ஒருவரின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு 7 பைசா என்று அது கூறிற்று. ரூபாய்க்கு 64 பைசாவாக இருந்த அந்நாளில், 7 பைசா என்பது ஒன்றே முக்கால் அணா. ஆண்டு முழுமைக்கும் கூட்டினால் ஏறத்தாழ 40 ரூபாய். மக்கள் செலுத்தும் வரியில் நூற்றுக்கு 20 பங்கு உழவரிடமிருந்து நிலவரியாகவும், 3 பங்கு ஏழைகளை மிகுதியும் வாட்டும் உப்பு வரியாகவும் பெறப்படுகின்றது என்றும் அது எடுத்துரைத்தது. கை நூற்பு முதலிய கிராமத் தொழில்கள் அழிக்கப்பட்டமையால் உழவர்கள் ஆண்டில் நான்கு மாதங்களேனும் வேலையின்றி இருக்கின்றனர் என்பதும் அதில் கண்ட செய்தி. தலைவீத வருமானம், வரிச்சுமையின் பங்கீடு, பருவகால வேலையின்மை ஆகிய மூன்றும் இவ்வாறு எழுத்தறியாத மக்கள் நிறைந்த கூட்டங்களில், அவர்களுடைய மொழியில், அவர்கள் முன் கணக்காக வைக்கப்பட்டன.

இந்நாட்டின் முதல் தேசிய நாள், ஆகவே, நாட்டின் கணக்கை மக்களுக்கு வாசித்துக் காட்டிய நாளாகத் தோன்றியது. அக்கணக்கைக் கேட்டவர்கள் அதனை மறந்துவிடவில்லை. பத்து வாரங்களுக்குள் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. உப்பு வரி இறுதியாக இடைக்கால அரசின் 1947-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நீக்கப்பட்டது. 1930 முதல் 1947 வரை ஜனவரி 26-ஐக் கடைப்பிடித்தவர்கள் தடியடிக்கும் சிறைக்கும் ஆளாக நேர்ந்தது. அந்நாளுக்கு இன்றுள்ள மதிப்பு அவர்கள் செலுத்திய விலையால் பெறப்பட்டதாகும்.

விடுதலை இரவின் மௌனம்

1947 ஆகஸ்டு 15-ஆம் நாளைத் தெரிவு செய்தவர் மவுண்ட்பேட்டன் பிரபு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாவது ஆண்டு நிறைவு நாள் அது. நாள் பிறர் குறித்ததாயினும், அதனை வரவேற்ற முறை இந்நாட்டிற்கே உரியதாக அமைந்தது. ஆகஸ்டு 14-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிக் கூடிய அரசியல் நிர்ணய சபையில், தலைவர் இராஜேந்திர பிரசாத்தின் வேண்டுகோளின்படி, விடுதலைக்காக இந்தியாவிலும் பிற நாடுகளிலும் உயிர்நீத்தோரை நினைந்து உறுப்பினர் யாவரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காத்தனர். சுதந்திர நாட்டின் பேரவை உறுதிமொழி ஏற்பதற்கு முன்பாகவே தன் நன்றியைச் செலுத்தியது.

அவ்விரவில் காந்தியடிகள் டெல்லியில் இல்லை. கல்கத்தாவில், பெலியாகட்டா பகுதியில், வகுப்புக் கலவரத்தைத் தணிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த அவர், ஆகஸ்டு 15-ஆம் நாளை உண்ணாநோன்பிலும் வழிபாட்டிலும் நூற்பிலும் கழித்தார். தேசிய வாரத்தை எவ்வாறு கடைப்பிடித்து வந்தாரோ, அவ்வாறே சுதந்திர நாளையும் அவர் கடைப்பிடித்தார்.

ஆகஸ்டு 15 சுதந்திர நாளானதும், ஜனவரி 26 மறைந்துபோகக்கூடிய நிலை ஏற்பட்டது. அரசியலமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26-ஆம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும், அது முழுமையாக நடைமுறைக்கு வரும் நாளாக 1950 ஜனவரி 26 குறிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் மக்கள் ஏற்ற உறுதிமொழிக்கும் அவர்கள் பெற்ற சட்டத்திற்கும் இடையே தொடர்பு அறுபடலாகாது என்பதே இதன் கருத்து. சட்டம் ஏற்கப்பட்ட நவம்பர் 26 பின்னர் 2015 முதல் அரசியலமைப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

தொடக்க நாளான அக்டோபர் 2

மூன்றாவது தேசிய நாளின் வரலாறு வேறு வகையானது. தம் பிறந்த நாளைக் கொண்டாட வேண்டுமெனில் அதனை இராட்டையின் பிறந்த நாளாகக் கொண்டாடுக என்று காந்தியடிகள் கூறிவந்தார். தனிமனிதர் வழிபாட்டை உழைப்பின் பக்கம் திருப்பும் முயற்சி அது.

சுதந்திர இந்தியாவின் திட்டமிடலில் அம்முயற்சி ஓரளவு தொடர்ந்தது எனலாம். 1952 அக்டோபர் 2-ஆம் நாள் 55 திட்டப் பகுதிகளில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. வட்டார வளர்ச்சி அலுவலகமும் கிராம சேவகரும் இந்நாட்டுச் சிற்றூர்களுக்கு அறிமுகமானது அத்திட்டத்தின் வழியாகவே. 1959 அக்டோபர் 2-ஆம் நாள் இராஜஸ்தான் மாநிலம் நாகௌரில் பஞ்சாயத்து ராஜ் அமைப்பை நேரு தொடங்கிவைத்தார். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் முதல் ஐந்து வட்டாரக் கிராமிய வங்கிகள் திறக்கப்பட்டன. அதே நாளில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 33 இடங்களில் தொடங்கியது. இன்று சிற்றூர்தோறும் காணப்படும் அங்கன்வாடிகள் அத்திட்டத்தின் விளைவாகும். 2014 அக்டோபர் 2-ஆம் நாள் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப்பட்டது.

இத்திட்டங்கள் யாவும் ஒரே அளவில் வெற்றி பெற்றன என்று கூறுவதற்கில்லை. சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் மக்கள் பங்கேற்பு எதிர்பார்த்த அளவில் அமையவில்லை என்பதை 1957-ஆம் ஆண்டின் பல்வந்த்ராய் மேத்தா குழு எடுத்துக்காட்டியது. அக்குழுவின் அறிக்கையே பஞ்சாயத்து ராஜுக்கு வழிகோலியது. ஒரு தொடக்க நாளின் குறைகளை ஆராய்ந்தறிந்தமையால் மற்றொரு தொடக்க நாள் கிட்டியது. விழா நாளைத் தொடக்க நாளாக்குவதில் உள்ள நன்மை இதுவே: அடுத்த ஆண்டு அந்நாள் வரும்பொழுது, தொடங்கியது என்னவாயிற்று என்று கேட்க இடமுண்டாகிறது.

விடுமுறை இல்லாத நினைவு நாட்கள்

நாட்டின் நன்றியுணர்வு மிக ஆழமாக வெளிப்படும் இரு நாட்கள் விடுமுறை நாட்கள் அல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

முதலாவது, காந்தியடிகள் 1948-இல் உயிர்நீத்த ஜனவரி 30-ஆம் நாளாகிய தியாகிகள் தினம். அன்று காலை 11 மணிக்கு நாடெங்கும் இரண்டு நிமிடம் மௌனம் கடைப்பிடிக்கப்படுகின்றது. அலுவலர் தம் மேசைக்கருகிலும் தொழிலாளி தம் இயந்திரத்தின் அருகிலும் எழுந்து நிற்கின்றனர். இரண்டு நிமிடம் முடிந்ததும் வேலை தொடர்கின்றது.

இரண்டாவது, டிசம்பர் 7-ஆம் நாளாகிய படைவீரர் கொடி நாள். 1949-ஆம் ஆண்டு முதல் இந்நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருகின்றது. முப்படைகளைக் குறிக்கும் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய வண்ணங்கள் கொண்ட சிறு கொடிகள் வழங்கப்பட்டு நன்கொடை திரட்டப்படுகின்றது. போரில் உயிரிழந்தோரின் குடும்பங்கள், உடல் ஊனமுற்ற வீரர்கள், வறுமையுற்ற முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் மறுவாழ்விற்கும், அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கும் இந்நிதி பயன்படுகின்றது. தனித்தனியே இருந்த நலநிதிகள் 1993-ஆம் ஆண்டில் ஒன்றாக்கப்பட்டு, படைவீரர் கொடி நாள் நிதி என்று பெயர் பெற்றன. பள்ளிச் சிறுவன் ஒருவன் தரும் சில்லறைக் காசு ஒரு வீரரின் மகளுடைய கல்லூரிக் கட்டணத்தில் சேர்கின்றது. உணர்ச்சி நிதியாக மாறி உரியவரைச் சென்றடையும் வழியை இந்நாள் காட்டுகின்றது.

தியாகி பென்ஷன்

நன்றியைக் கணக்காக மாற்றும் முயற்சிகளுள் மிகப் பெரியதும் மிகக் கடினமானதும், விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டமாகும். மக்கள் வழக்கில் இது தியாகி பென்ஷன் எனப்படும். 1969-ஆம் ஆண்டில் அந்தமான் சிறையில் வாடிய அரசியல் கைதிகளுக்காக முதலில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டி, 1972 ஆகஸ்டு 15 முதல் நாடு முழுமைக்குமான திட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில் தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயங்களும் வழங்கப்பட்டன.

தொடக்கத்தில் தியாகிக்கு மாதம் 200 ரூபாய் வழங்கப்பட்டது. ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு உட்பட்டவர்க்கே அது உரியது. வறியவர்க்கு அளிக்கும் உதவி என்னும் கருத்தில் அவ்வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. 1980 ஆகஸ்டு முதல் வருமான வரம்பு நீக்கப்பட்டது. ஓய்வூதியம் 300 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மரியாதை எனப் பொருள்படும் சம்மான் என்னும் சொல் திட்டத்தின் பெயரில் சேர்க்கப்பட்டது. உதவி என்ற நிலையிலிருந்து மரியாதை என்ற நிலைக்குத் திட்டம் உயர்ந்ததை அப்பெயர் மாற்றம் உணர்த்தியது. படிப்படியாக உயர்ந்து வந்த இத்தொகை 2016-ஆம் ஆண்டில் அந்தமான் கைதிகளுக்கு மாதம் 30,000 ரூபாயாகவும், ஏனைய பெரும்பாலோர்க்கு 26,000 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது.

எனினும், தொகையைக் காட்டிலும் தகுதியை மெய்ப்பிப்பதே பலருக்குப் பெரிய தடையாயிற்று. குறைந்தது ஆறு மாதச் சிறைவாசம் தேவை என்பது பொது விதி. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர்க்கும் அது மூன்று மாதமாகத் தளர்த்தப்பட்டது. சிறை சென்றவரிடம் சிறைச் சான்று கேட்கப்பட்டது. தலைமறைவாக இருந்தவரிடம், அவரைத் தேடிப் பிறப்பிக்கப்பட்ட ஆணையின் ஆவணம் கேட்கப்பட்டது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட சிறைப் பதிவேடுகள் பல இடங்களில் கிடைக்கவில்லை. அந்நிலையில் உடனிருந்த கைதிகளின் சான்றுரையை ஏற்க விதிகளில் வழி செய்யப்பட்டது. மலேயாவிலும் பர்மாவிலும் தோட்டத் தொழிலாளராகவும் சிறு வணிகராகவும் வாழ்ந்து, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்கள் போராடிய களமும் அடைபட்ட முகாமும் அயல்நாட்டில் இருந்தன. போரின் இறுதியில் அவர்களிடம் எஞ்சியது உயிர் ஒன்றே.

அயலாட்சியை எதிர்த்தவர், தாம் எதிர்த்ததற்கு அந்த அயலாட்சி எழுதிவைத்த பதிவையே சான்றாகக் கொணர வேண்டியிருந்தது. பொதுப் பணத்தைச் செலவிடும் அரசு தகுதியை ஆராய்ந்தே தீர வேண்டும். போலி விண்ணப்பங்களும் இல்லாமலில்லை. ஆயினும் ஆராயும் முறையில் அளவு வேண்டும். இப்பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விண்ணப்பம் காலம் தாழ்ந்து வந்தது என்னும் காரணத்தால் மட்டும் ஓய்வூதியத்தை மறுத்தல் ஆகாது என்று 1993-ஆம் ஆண்டிலும், குற்ற வழக்கிற்கு வேண்டிய கடுமையான சான்று இங்குத் தேவையில்லை, நிகழ்ந்திருக்கக்கூடிய வாய்ப்பை அளவுகோலாகக் கொண்டு முடிவு செய்தல் வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டிலும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அத்தீர்ப்புகள் வந்த காலத்தில் பலர் மறைந்துவிட்டனர். 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டுப் புரட்சியில் 18 வயதில் ஈடுபட்ட ஒருவருக்கு 2024-இல் 100 வயது நிறைந்திருக்கும். எனவே, அத்தலைமுறையினருள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. கடனைத் தீர்ப்பதற்குள் கடன் தந்தவர் மறைந்துவிடும் நிலையில், எஞ்சியுள்ள துணைவியர்க்கும் மணமாகாத மகளிர்க்கும் உரியதைத் தாமதமின்றிச் சேர்ப்பிப்பதே அக்கணக்கை நேர்மையாக முடிக்கும் வழி. அடுத்து வரும் கணக்குகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. எல்லையில் உயிரிழக்கும் வீரர், வெள்ளத்தில் பிறரைக் காக்கச் சென்று மடியும் தீயணைப்புப் பணியாளர் ஆகியோரின் குடும்பத்தினர், தம் இழப்பை மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டிய நிலை நேரலாகாது. சான்று தேடும் பொறுப்பு நன்றி செலுத்துவோர் மீது இருத்தல் வேண்டும்.

பெயர் பொறித்தல்

கல்லில் பெயர் பொறிப்பதும் கணக்கு வைத்தலின் ஒரு வகையே. 1931-ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட டெல்லி இந்தியா வாயிலில் 13,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கானியப் போரிலும் பேரரசுக்காகப் போரிட்டவர்கள். 1972-ஆம் ஆண்டில் அதன் கீழ் அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. விடுதலைக்குப் பிந்திய போர்களில் உயிர்நீத்தவர்களின் பெயர்கள் ஒருசேரப் பொறிக்கப்பெற 2019-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெற்றுள்ளன. அமர் ஜவான் ஜோதி 2022 ஜனவரியில் அங்குள்ள சுடருடன் இணைக்கப்பட்டது. ஒரு தாய் தன் மகனின் பெயரை விரலால் தொட்டுப் பார்க்க ஓரிடம் இருத்தல் வேண்டும் என்னும் தேவை, எந்த அணிவகுப்பாலும் நிறைவு செய்யத்தக்கதன்று.

விடுமுறை யாருக்கு?

இனி, விடுமுறையின் மற்றொரு பக்கத்தையும் காணுதல் வேண்டும். தேசிய நாட்களில் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் விடுமுறை அளிப்பதைச் சட்டம் கட்டாயமாக்கியது. மதராஸ், கேரள மாநிலங்களில் 1958-ஆம் ஆண்டிலும், மைசூர் மாநிலத்தில் 1963-ஆம் ஆண்டிலும் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அந்நாட்களில் ஒருவரை வேலைக்கு அழைத்தால் இரட்டிப்பு ஊதியமோ, ஊதியத்துடன் மாற்று விடுமுறையோ அளித்தல் வேண்டும். நாட்டின் மகிழ்ச்சியில் தொழிலாளியும் தன் கூலியை இழக்காமல் பங்கு பெறலாம் என்பது இச்சட்டங்களின் உட்பொருள்.

ஆனால், இந்நாட்டு உழைப்பாளரில் மிகப் பெரும்பாலோர் அமைப்பு சாராத் தொழில்களில் உள்ளவர்கள். கட்டடத்தில் கல் சுமப்பவர்க்கும், சந்தையில் மூட்டை தூக்குபவர்க்கும், வயலில் நாற்று நடுபவர்க்கும் தேசிய விடுமுறை என்பது கூலியில்லாத ஒரு நாள். கடை அடைக்கப்பட்டால் அவர் வீட்டு அடுப்பும் அன்று தயங்கும். 1930-ஆம் ஆண்டு உறுதிமொழி யாருடைய ஒன்றே முக்கால் அணாவைக் கணக்கிட்டதோ, அவருடைய வழித்தோன்றல்கள் இவர்களே. அந்த உறுதிமொழியால் பிறந்த நாள், மாதச் சம்பளம் பெறுவோர்க்கு ஓய்வையும் நாட்கூலி பெறுவோர்க்கு இழப்பையும் தருகின்றது. விடுமுறைகளின் எண்ணிக்கை பற்றி நிகழும் விவாதங்களில் இவ்வேற்றுமை போதிய கவனம் பெறவில்லை. நாட்கூலித் தொழிலாளர்க்கும் தேசிய நாட்களின் ஊதியத்தை நல வாரியங்கள் வாயிலாகவேனும் உறுதி செய்ய இயலுமா என்பது ஆராயத்தக்கது.

மீண்டும் கணக்கு வாசிக்கும் நாள்

இக்குறைகளுக்கிடையே நம்பிக்கை தரும் நடைமுறை ஒன்றும் உண்டு. 1993-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடமளித்தது. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களுள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியன அடங்கும். அந்நாட்களில் ஊராட்சியின் வரவு செலவு மக்கள் முன் வைக்கப்படுகின்றது. பயனாளிகளின் பட்டியல் படிக்கப்படுகின்றது. நிறைவேறிய பணிகளும் நிறைவேறாத பணிகளும் விவாதிக்கப்படுகின்றன.

எல்லா ஊர்களிலும் இது செம்மையாக நடைபெறுகின்றது என்று சொல்ல இயலாது. கையொப்பம் மட்டும் பெறப்பட்டுக் கூட்டம் முடிந்துவிடும் ஊர்களும் உண்டு. பெண்கள் பின்வரிசையில் அமர்ந்து பேசாது திரும்பும் ஊர்களும் உண்டு. ஆயினும் இந்நடைமுறையின் கருத்து ஆழமானது. 1930 ஜனவரி 26-ஆம் நாள் ஆலமரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் கூடிய மக்கள் அயலாட்சியின் கணக்கைக் கேட்டனர். இன்று அதே நாளில், அதே போன்றதோர் இடத்தில், தம் சொந்த ஆட்சியின் கணக்கைக் கேட்கும் உரிமை அவர்தம் பேரர்களுக்கு வாய்த்துள்ளது. கேட்கும் உரிமையைப் பெறுவதற்காகவே முன்னவர்கள் சிறை சென்றனர் எனின், அதனைப் பயன்படுத்துவதைக் காட்டிலும் அவர்களுக்குச் செலுத்தத்தக்க நன்றி வேறில்லை.

கொடியேற்றமும் அணிவகுப்பும் பள்ளிச் சிறாருக்கு வழங்கும் மிட்டாயும் தேவையானவையே; ஒரு சமுதாயம் தன் மகிழ்ச்சியைக் கண்ணால் காணுதல் வேண்டும். கொடி இறங்கிய பின் எஞ்சுவது என்ன என்பதே ஆண்டுதோறும் கேட்கத்தக்க வினா. கொடி நாள் உண்டியலில் சேர்ந்த தொகை, தீர்த்துவைக்கப்பட்ட ஓய்வூதிய விண்ணப்பங்கள், கிராம சபையில் எழுப்பப்பட்ட கேள்விகள், சென்ற அக்டோபர் 2-இல் தொடங்கிய பணியின் நிலை ஆகியவை எண்ணிப் பார்க்கத்தக்கவை. அவற்றை எண்ணிப் பார்க்கும் நாடு, ஆண்டில் மூன்று நாட்களைத் தயக்கமின்றி ஒதுக்கலாம். அந்நாட்களின் உற்பத்தி இழப்பைப் போல் பன்மடங்கு, எஞ்சிய நாட்களின் உழைப்பில் திரும்பி வரும்.